கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட்

சித்தன்னவாசல் அறிவர் கோயில் தூண்களில் தீட்டப்பெற்றுள்ள ஆடல் மகளிரை நம் ஊர்ப்பக்கத்தில் பார்க்காதவர் இரார். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அக்கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆயினும் அம்மகளிரின் விரல்கள் இன்னும் பேசுகின்றன. மேலே விதானத்தில் தாமரைக் குளம். அதில் இறங்கிப் பூக்கொய்யும் ஆடவர். மலரின் தண்டை அவர்கள் பற்றியிருக்கும் பாங்கை ஒருமுறை உற்று நோக்குங்கள். விரல்கள் வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, நீள வேண்டிய இடத்தில் நீண்டிருக்கின்றன. கையை நன்கு அறிந்த ஓவியனின் வேலை அது.

பூக்கொய்யும் கையாயினும், எழுதுகோல் பிடிக்கும் கையாயினும், கல்லுடைக்கும் கையாயினும், அதன் நுட்பமான அசைவுகளுள் பெரும்பாலானவை ஒரு நரம்பைச் சார்ந்தவை. முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றே அடியில் அது ஓடுகின்றது. கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும் அல்லவா? அந்த நரம்புதான். மருத்துவர்கள் அதனை அல்நார் நரம்பு என்பர். அது செத்துவிட்டால் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிக்கொள்ளும். கையின் ஒரு பகுதியில் சூடும் தெரியாது, குத்தும் தெரியாது.

இம்மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுமாறு நாம் பணிக்கப்பட்டபோது, அந்த நரம்பின் கதையோடு பின்னிக்கிடக்கும் ஒரு வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் இரண்டு. நம் பிள்ளைகள் உயிரியல் நூலில் நரம்புத் திசு என்னும் பாடத்தை நெட்டுருப் போட்டுத் தேர்வெழுதி, மறுநாளே மறந்துவிடுகின்றனர். அப்பாடத்துள் மனிதரின் துயரமும் மானமும் அடங்கியிருப்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்பினோம். மற்றொரு காரணம் நம் தெருவைப் பற்றியது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

பால் வில்சன் பிராண்ட் 1914ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின் என்னும் ஆங்கிலேயச் சமயத் தொண்டர். அவர்கள் வாழ்ந்த இடம், இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய கொல்லிமலை. அக்காலத்தில் அங்கு ஏறுவதற்குச் சாலை கிடையாது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் மேலே தங்கமாட்டார்கள். தந்தையார் முழுமையாக மருத்துவம் பயின்றவர் அல்லர். ஓராண்டுப் பயிற்சியே அவருக்கு இருந்தது. எனினும் மலைமக்களுக்குப் பல் பிடுங்கினார், புண் கட்டினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். சிறுவன் பால் மரத்துக்கு மரம் தாவித் திரிந்தான். இரத்தத்தையும் சீழையும் கண்டால் முகம் சுளித்தான். தான் மருத்துவனாக ஆவதில்லை என்று அப்போதே உறுதி செய்துகொண்டானாம்.

அவன் நினைவை விட்டு அகலாத காட்சி ஒன்று உண்டு. ஒருநாள் தொழுநோய் கண்ட மூவர் மலையேறி வந்தனர். எவருடைய புண்ணையும் வெறுங்கையால் தொட்டுக் கழுவும் தந்தை, அன்று மட்டும் கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் விலகி நிற்குமாறு எச்சரிக்கப்பட்டனர். தொண்டு செய்ய வந்தவர்களையே அந்நோயின் பெயர் அவ்வளவு அச்சுறுத்தியிருந்தது.

9 வயதில் பாலும் அவருடைய தங்கையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1929இல் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். தந்தி உடனே வந்துவிட்டது. கப்பலில் வரவேண்டிய தந்தையின் கடிதமோ அதற்குப் பின்னர்தான் வந்து சேர்ந்தது. இறந்தவர் எழுதிய மலைக்காட்சிகளை மகன் அதன்பின் படித்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் சென்றது கல்லூரிக்கு அன்று. ஏறத்தாழ 5 ஆண்டுகள் கட்டட வேலை கற்றார். கல் அடுக்கினார், மரம் இழைத்தார், கூரை ஏற்றினார். இதனை நாம் வேண்டுமென்றே அழுத்திச் சொல்லுகின்றோம். கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்ற கைதான் பிற்காலத்தில் உலகமே வியந்த அறுவைக் கையாயிற்று. கைத்தொழிலை இழிவென்று எண்ணிப் பிள்ளைகளை அதிலிருந்து மறைக்கும் பெற்றோர் நம்மிடையே சிலர் உளர். கைத்தொழில் போதும், படிப்பு எதற்கு என்பாரும் உளர். இருசாராரும் இவ்வாழ்க்கையைப் படிக்கலாம்.

தந்தையைப்போல் தொண்டு செய்யச் செல்லுமுன் சிறிது மருத்துவம் கற்க முற்பட்டபோது, இரத்தம் இழந்து பிணம்போல் கொண்டுவரப்பட்ட ஓர் இளம்பெண், பிறர் இரத்தம் ஏற்றப்பட்டதும் கண் விழித்ததைக் கண்டார். பழைய அருவருப்பு அத்துடன் அகன்றது. 1937இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். வலியைப் பற்றி ஆராய்வதில் பெயர் பெற்ற சர் தாமஸ் லூயிஸ் அங்கு அவருக்கு ஆசிரியர். இரண்டாம் உலகப் போர் மூண்டு மாணவர்கள் கார்டிஃப் நகருக்கு மாற்றப்பட்டபோது, இறந்தவர் ஒருவரின் தலையைப் பகுத்து, மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளையும் நார் நாராகப் பிரித்துத் தொடர்ந்து சென்று பார்த்தார். நரம்பின்மீது அவருக்கிருந்த ஈடுபாடு அப்போதே வேரூன்றிவிட்டது எனலாம். 1943இல், உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை மணந்தார்.

1946இல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின்பேரில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். பிறந்த நாட்டுக்கு ஓராண்டுப் பணிக்கென்று வந்தவர், இருபது ஆண்டுகள் அளவில் தங்கிவிட்டார். காக்ரேன் தொழுநோய் வல்லுநர். 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைச் சுற்றிக் காட்டுகையில், மடங்கிய கைகளையும் குறைந்த விரல்களையும் கண்ட பிராண்ட் காரணம் கேட்டார். காக்ரேனிடம் விடையில்லை. உலகில் உள்ள எலும்பு மருத்துவருள் ஒருவரேனும் இக்கைகளை ஆராய முன்வந்ததில்லையே என்று அவர் திருப்பிக் குறைபட்டுக்கொண்டார். அப்போது பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையை நுழைத்து, இயன்றமட்டும் இறுக்குமாறு வேண்டினார். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தவர், வலி தாளாமல் கத்திவிட்டார். அவ்வளவு வலிமை! அந்நோயாளிக்கோ தாம் இறுக்குவதே தெரியவில்லை.

அப்பிடியில் இரண்டு செய்திகள் இருந்தன. முன்கைத் தசைகள் பழுதின்றி வாழ்கின்றன என்பது ஒன்று. வலுவிருந்தும் உணர்வில்லை என்பது மற்றொன்று. பிராண்டின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டு செய்திகளையும் பின்தொடர்ந்து சென்றதே ஆகும்.

நரம்புத் திசுவைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம். நம் உடலில் தோல் முதலிய மேலுறைகள், எலும்பு முதலிய இணைப்புத் திசுக்கள், தசை, நரம்பு எனத் திசுக்கள் நான்கு வகைப்படும். அவற்றுள் செய்தி கொண்டு செல்லுவதையே தொழிலாகக் கொண்டது நரம்புத் திசு. அதன் அடிப்படை நியூரான் எனப்படும் நரம்பணு. நம் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கு நீர் கொணரும் வரத்துக்கால்கள் பல. நீரை வயலுக்கு அனுப்பும் மடை ஒன்று. நியூரானும் அத்தகையதே. உட்கருவைக் கொண்ட செல் உடலம் கண்மாய். பல திசைகளிலிருந்தும் செய்தியை உள்ளே கொண்டுவரும் குறுகிய கிளைகள் டென்ட்ரைட்டுகள். செய்தியை வெளியே கொண்டு செல்லும் நீண்ட இழை ஆக்ஸான். வாய்க்கால் கடைசியில் பல வயல்களுக்குப் பிரிவதுபோல் ஆக்ஸானும் முடிவில் பல நுனிகளாகப் பிரிகின்றது.

ஆனால் வாய்க்காலில் ஓடுவது நீர். ஆக்ஸானில் ஓடுவது மின்துடிப்பு. சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அயனிகள் இழையின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் மாறுவதால் அத்துடிப்பு உண்டாகின்றது. ஒரு நியூரான் அடுத்ததைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இடையில் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறளவே உள்ள இடைவெளி உண்டு. சினாப்ஸ் எனப்படும் அவ்விடைவெளியை வேதிப்பொருள்கள் கடந்து செய்தியைச் சேர்ப்பிக்கின்றன.

நியூரான் தனித்து வாழவல்லது அன்று. அதற்குத் துணை நிற்கும் அணுக்கள் பல உள. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளவற்றை நியூரோக்லியா என்பர். கைகால்களுக்குச் செல்லும் நரம்புகளில் அத்துணைப் பணியைச் செய்வது ஷ்வான் அணு. வாழைத்தண்டை மடல்மேல் மடலாகப் பட்டை சுற்றியிருப்பதுபோல், ஷ்வான் அணு பருத்த ஆக்ஸானைப் பல சுற்றுச் சுற்றிக் கொழுப்பாலான மயலின் உறையை அமைக்கின்றது. உறைக்கு உறை சிறு இடைவெளி உண்டு. மின்துடிப்பு அவ்விடைவெளிகளில் தாவித் தாவிச் செல்லுவதால், தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வரையில் விரைகின்றது. உறையற்ற மெல்லிய இழைகளிலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவே நகரும். கல்லில் கால் இடறினால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து விண்விண்ணென்று மற்றொரு வலி தோன்றுவதன் காரணம், செய்தி இருவகை இழைகளில் வெவ்வேறு விரைவில் வந்து சேர்வதே.

இவ்விழைகள் ஆயிரக்கணக்கில் கற்றையாகி, உறுதியான உறைக்குள் கயிறுபோல் கட்டப்பட்டதையே நாம் நரம்பு என்கின்றோம். ஒரே நரம்பில் உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும் இழைகளும், தசைக்குக் கட்டளையை வெளியே கொண்டு செல்லும் இழைகளும் அடங்கியிருக்கும். நெருப்பில் பட்ட கை, சுட்டது என்று மூளை உணருமுன்னரே பின்வாங்கிவிடுகின்றது. தண்டுவடமே ஆணை பிறப்பித்துவிடுகின்றது. வேறு எந்தக் காவலும் இத்துணை விரைவாகச் செயற்படுவதில்லை.

இக்காவலைத் தொழுநோய் எவ்வாறு அழிக்கின்றது என்பதை அறிய, பிராண்டும் உடன் பணிபுரிந்தோரும் இறந்த தொழுநோயாளி ஒருவரின் உடலை ஓர் இரவு முழுவதும் பகுத்தாய்ந்தனர். கைகால் நரம்புகள் அனைத்தையும் தோலடியிலிருந்து திறந்து வைத்துப் பார்க்கையில் வியப்பான ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நரம்பு எங்கும் ஒரே சீராகக் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்கு மேல், மணிக்கட்டுக்கு மேல், கணுக்காலுக்கு அருகில் எனச் சில இடங்களில் மட்டும் வீங்கித் தடித்திருந்தது. அவை யாவும் நரம்பு தோலை ஒட்டி மேலாக ஓடும் இடங்கள். அதாவது உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த இடங்கள். நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, குளிர்ந்த இடத்தையே விரும்பித் தங்குகின்றது. அங்குள்ள ஷ்வான் அணுக்களில் அது குடிபுகுகின்றது. உடல் அதனை எதிர்த்துப் போரிடும்போது நரம்பு வீங்குகின்றது. சுற்றியுள்ள உறை இளகிக் கொடுப்பதில்லை. உள்ளே இழைகள் நெரிந்து சாகின்றன. வீட்டுக்குக் காவலாக நின்றவனை விரட்டப் போய், வீட்டுக்காரனே வீட்டைக் கொளுத்திக்கொண்ட கதை இது.

ஆழத்தில் ஓடும் நரம்புகள் தப்பிவிடுவதால் அவை இயக்கும் முன்கைத் தசைகளும் தப்பிவிடுகின்றன. செங்கற்பட்டில் கண்ட வலுவான பிடியின் பொருள் இதுவே. அத்தசைகளுள் ஒன்றின் தசைநாணைப் பிரித்தெடுத்து, செயலிழந்த விரல்களுக்குக் கொண்டுவந்து தைத்துவிட்டால் விரல்கள் மீண்டும் நிமிருமா? ஒரு சட்டத்தை ஓரிடத்திலிருந்து கழற்றி மற்றோரிடத்தில் பொருத்தும் தச்சனின் சிந்தனை அது. 1948இல் தொழுநோயாளி ஒருவரின் கையில் அவ்வறுவையைத் தொடங்கினார். தொழுநோயாளரின் சதை கெட்ட சதை, கத்தி பட்டால் ஆறாது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலம். அவர்களை ஏனைய நோயாளரோடு படுக்கவைக்கும் வழக்கமும் எங்கும் இல்லை. புண் ஆறிற்று. விரல்கள் நிமிர்ந்தன. பழைய வேலையை மறந்து புதிய வேலையைத் தசைக்குக் கற்பிக்கப் பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது. அதன்பின் அக்கைகள் சோற்றைப் பிசைந்து உண்டன.

எனினும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. விரல்கள் ஏன் குறைகின்றன? அழுகி விழுகின்றன என்றே எல்லோரும் எண்ணினர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். குறைந்த விரலின் சதையைச் சோதித்தபோது அது பிறர் சதையைப்போன்றே இருந்தது. அவ்வாறாயின் விரல் எங்கே போயிற்று? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்கமுடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். அருகில் வந்த நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். இத்துணை வலிமை இச்சிறுவனுக்கு ஏது என்று வியந்தவர், தரையில் இரத்தத் துளியைக் கண்டார். சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது. சிறுவன் அதனை அறியவே இல்லை.

அன்றுமுதல் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடும் துப்பறியும் வேலை தொடங்கிற்று. புறங்கையில் கொப்புளமா? இரவில் அரிக்கேன் விளக்கை அணைக்கும்போது சூடேறிய கண்ணாடியில் கை பட்டிருக்கும். உள்ளங்கையில் கீறலா? சிலாம்பு நிறைந்த சுத்தியல் காம்பைப் பார். இவ்வாறு பல காயங்கள் விளங்கின. ஆனால் இரவில் படுத்தெழுந்தால் விரல் நுனி காணாமற் போகும் விந்தை மட்டும் விளங்கவில்லை. இரவில் காவலிருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலி! உறங்குபவரின் விரலை எலி கரம்பிற்று. வலி எழுப்பாததால் உறங்குபவர் எழவில்லை. அதன்பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளர்க்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பப்பட்டது. உலக மருத்துவ வரலாற்றில் இதனைவிட எளிய மருந்துச் சீட்டு வேறுண்டோ, நாம் அறியோம்.

விரல் அழுகி விழவில்லை; வலி என்னும் காவல் இல்லாமையால் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோயிற்று. இவ்வுண்மை நிலைபெற்றபோது, ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த பாவக் கதைகளின் அடித்தளம் ஆட்டம் கண்டது. முன்வினை, தெய்வ தண்டனை, குலக்குற்றம் என்றெல்லாம் ஒரு மனிதனின் கையைப் பார்த்துச் சொன்னார்கள். அங்கிருந்தது செத்துப்போன ஒரு நரம்பு.

பிராண்டுக்கு அடுத்து வாய்த்த பாடம் அறுவைக் கூடத்துக்கு வெளியில் இருந்தது. கை செப்பனிடப்பட்டுச் சென்ற நோயாளி ஒருவர் சில காலத்தில் மனம் உடைந்து திரும்பி வந்தார். மடங்கிய கையை நீட்டியபோது கிடைத்த பிச்சை, நிமிர்ந்த கைக்குக் கிடைக்கவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை; குடியிருக்க இடம் கொடுப்பாரும் இல்லை. நரம்பைத் தாண்டிய நோய் ஒன்று ஊரில் இருக்கின்றது என்பதை அவர் அன்று உணர்ந்தார். வேலூரில் சிற்றூர்போல் நவஜீவ நிலையம் அமைத்து, நோயாளர்க்குத் தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. இளமையில் உளி பிடித்த கை அங்கும் பயன்பட்டது.

நம் தெருவைப் பற்றிச் சொல்லுவதாகக் கூறினோம். நம்முள் மூத்தோர்க்கு நினைவிருக்கும். கண்மாய்க் கரையோரம் தனிக்குடிசையில் பெரியவர் ஒருவர் இருந்தார். விரல்கள் மடங்கியவர், கால் விரல்கள் குறைந்தவர். அவர் நம்மவர். நல்லது கெட்டதுகளுக்கு அவரை அழைத்ததில்லை. நம் வீடுகளிலிருந்து அவருக்குக் கஞ்சி போயிற்று; சிரட்டையில் ஊற்றினோம். தேநீர்க்கடையில் நமக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள் என்று கொதித்தெழுந்தவர்கள் நாம். அதே காலத்தில் அதே சிரட்டையை அவர் முன்னால் வைத்தவர்களும் நாமே. ஊரார் நம்மைச் சேரிக்கு ஒதுக்கினர். நாம் அவரைச் சேரிக்கு வெளியே ஒதுக்கினோம். அவருடைய கால்புண்ணில் முள் ஒன்று நாட்கணக்கில் இருந்ததை ஒரு சிறுவன்தான் கண்டு சொன்னான். அது பாவத்தின் புண் என்று நாம் நம்பியிருந்தோம். முள் குத்திய புண் அது. வெள்ளிவிழா மலரில் இதனை எழுதலாமா என்று நம்முள் சிலர் தயங்கினர். எழுதுவதே முறை என்று முடிவாயிற்று.

கால்புண் என்றதும் செருப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். கையைவிடக் காலே பிராண்டுக்கு அதிகத் துன்பம் கொடுத்தது. அறுவையால் ஆற்றிய புண், நடந்தால் மீண்டும் திறந்துகொண்டது. வலியறிந்த கால் நடக்கும்போது, நாம் அறியாமலே பாரத்தை இடம் மாற்றி மாற்றி வைக்கின்றது, களைத்தால் நொண்டுகின்றது. உணர்வற்ற கால் ஒரே இடத்தில் ஓயாது மிதித்து அவ்விடத்தைச் சிதைக்கின்றது. மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு தந்தால் புண் ஆறும் என்றும், மிருதுவான நுண்துளை ரப்பர் அடியிட்ட செருப்பு பாரத்தைப் பரப்பிக் காக்கும் என்றும் வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி நிலையத்திலும் கண்டு செயற்படுத்தினர். அறுவை மருத்துவர் செய்து முடிக்க இயலாத வேலையைச் செருப்புத் தைப்பவர் முடித்துவைத்தார். மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருந்த நம் பாட்டன்மாரையும், அத்தொழிலுக்காகவே இழித்துரைக்கப்பட்ட நம் உடன்பிறந்தாரையும் எண்ணுகையில், இச்செய்தியை நம்மால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

மார்கரெட் பிராண்டும் வாளா இருக்கவில்லை. கண் மருத்துவத்தில் தேர்ந்து, இமைக்கும் நரம்பு செத்ததால் கண் உலர்ந்து பார்வை இழப்போர்க்கு, மெல்லும் தசையின் ஒரு கூற்றை இமைக்குக் கொண்டுவரும் அறுவையைச் செய்துவந்தார். வாயை மென்றால் கண் இமைக்கும்.

1950களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றைப் பிராண்ட் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அமெரிக்கப் பயணம் முடித்துக் காய்ச்சலோடு இங்கிலாந்தில் இறங்கி, நெடுநேரம் தொடர்வண்டியில் அசையாது அமர்ந்து இலண்டன் வந்தார். இரவு காலுறையைக் கழற்றுகையில் குதிகாலில் ஒரு பகுதி உணர்வற்றிருந்தது. ஊசியெடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளரோடு ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு அதன் பொருள் தெரியும். மனைவி மக்களைப் பிரிய வேண்டும். ஒதுங்கி வாழ வேண்டும். இரவெல்லாம் உறங்கவில்லை. நோயாளிகளுக்கு எவ்வளவோ ஆறுதல் சொல்லியவர், அவ்வாறுதல்களுள் ஒன்றும் தமக்குப் பயன்படாததைக் கண்டார். விடிந்ததும் மீண்டும் ஊசியால் குத்தினார். அலறிவிட்டார். நெடுநேரம் அழுந்தியிருந்த நரம்பு மரத்துப் பின் மீண்டிருந்தது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறினார்.

1952இல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் அரச கல்லூரி அவரை ஹண்டர் பேராசிரியராக அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்தது. 1960இல் லாஸ்கர் விருதும், 1961இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதும் கிடைத்தன. 1960களின் நடுவில் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் உணர்வற்ற காலைப்பற்றி அறிந்ததை அங்கு நீரிழிவு நோயாளர்க்குப் பயன்படுத்தினார். நீரிழிவும் நரம்பைக் கொல்லும். அதனால் உண்டாகும் கால்புண்ணும் அத்தகையதே. இன்று நம் தெருக்களிலேயே நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இச்செய்தி தொலைதூரச் செய்தி அன்று என்பது விளங்கும்.

அங்கு அவர் செய்த முயற்சிகளுள் ஒன்று தோல்வியுற்றது. நரம்பு தராத வலியைப் பொறியால் தரமுடியுமா என்று பல ஆண்டுகள் முயன்றார். கையுறையில் அழுத்தத்தை உணரும் சிறு கருவிகளைப் பதித்து, அளவு மீறினால் காதில் ஒலி எழச் செய்தனர். நோயாளர் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. ஒலிக்கு மாறாக மின் அதிர்ச்சி கொடுத்தனர். ஆபத்தான வேலை செய்ய நேர்ந்தால், நோயாளர் பொறியை நிறுத்திவிட்டு வேலையை முடித்து, மீண்டும் முடுக்கிக்கொண்டனர். விருப்பப்படி நிறுத்தக்கூடிய வலி, காவல் ஆகாது என்று கண்டு பிராண்ட் அம்முயற்சியைக் கைவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு நரம்பு நுனி செய்யும் வேலையை அத்தனை பொறியாளர்கள் கூடியும் செய்ய இயலவில்லை.

அவருடைய தாயார் ஈவ்லின், கணவர் இறந்த பின்னும் தென்னாட்டு மலைகளைவிட்டு அகலாது முதுமையிலும் தொண்டாற்றி 1974இல் காலமானார். பிராண்ட் 1986இல் கார்வில் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சியாட்டில் நகரில் குடியேறினார். 2003ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அங்கு மறைந்தார். அவர் வகுத்த தசைநாண் மாற்று அறுவை முறைகளும் உணர்வற்ற காலுக்கான காப்பு முறைகளும் பல நாடுகளில் இன்றும் கையாளப்படுகின்றன.

கூட்டு மருந்துச் சிகிச்சையை 1980களின் தொடக்கத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த பின்னர்த் தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. 2005ஆம் ஆண்டு முடிவில் இந்தியாவில் அந்நோய் பதினாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை எட்டிற்று. தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. 2019இல், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகளும் சட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டன. எனினும் நோய் அடியோடு ஒழியவில்லை. புதிய நோயாளர் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். தோலில் நிறம் வெளுத்தோ சிவந்தோ தோன்றும் தேமல் ஒன்றைக் கண்டால், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சினால் அதன்மீது தடவச் செய்யுங்கள். தடவுவது தெரியாவிட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்து இலவசமாகத் தருவர். நரம்பு சாவதற்கு முன் சென்றால் கை மடங்காது. இவ்விவரம் நம் சங்க நூலகத்தின் வாயிற்சுவரிலும் எழுதி வைக்கப்பட்டுள்ளது.